ரப்பர் மூடியில் ஊசித் துளை

என் பெயர் சோர்னிட்சா வல்கானோவா, வயது 53. பிளோவ்டிவ் நகரம், குச்சுக் பரீஸ் பகுதியில் தனியாக வசித்து வருகிறேன். இந்நகரிலுள்ள ஒரு தனியார் ஆய்வகத்தில் பதினேழு வருடங்களாகப் பொருள் கொள்முதல் வேலை பார்க்கிறேன். என்னை யாரும் அழைக்கவில்லை, இந்தக் காவல் நிலையத்துக்கு நானாகத்தான் வந்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கிழிந்த தசைநாண் ஆறுமா என்று பார்க்க எங்கள் ஆய்வகத்தில் எலிகளுக்குப் பெப்டைட் என்னும் புரதத் துணுக்கைச் செலுத்துகிறோம். அது பொடியாகக் குப்பியில் வரும். 'ஆய்வுக்கு மட்டும், மனிதருக்கு அல்ல' என்று குப்பியிலேயே ஒட்டியிருக்கும். வாங்கும்போதெல்லாம் அதற்கு உறுதி கூறி நான் கையெழுத்திட்டு அனுப்புவேன். நாங்கள் ரப்பர் மூடியைக் கழற்றிவிட்டுத்தான் நீர் விட்டுக் கரைப்போம். மூடியில் ஊசி குத்தும் வழக்கமே இல்லை. காலிக் குப்பிகளை மூடியோடு எடுத்து வைப்பது என் பொறுப்பு.

கடந்த பிப்ரவரியில் ஒரு காலிக் குப்பியின் மூடியில் ஊசித் துளை பார்த்தேன். உடனே ஆய்வு மாணவி பில்யானாவின் நினைவு வந்தது. வயது 27, வாலிபால் ஆடிக் குதிகால் நாண் அறுந்து, ஒரு வருடமாக நொண்டி நடப்பவள். தனியாக அழைத்துக் கேட்டேன். தன் காலில் போட்டுக்கொண்டதை மறைக்கவில்லை.

"எலியெல்லாம் ஆறு வாரத்துல ஓடுதுக்கா. நான் இன்னும் கைப்பிடியைப் புடிச்சுத்தான் படி ஏறுறேன். எலிக்கு இருக்கிற யோகம்கூட எனக்கு இல்லியா?"

"அறிவு இருக்காடி உனக்கு?" என்று கத்தினேன். சிரித்தாள், பிறகு அழுதாள். வெளியே தெரிந்தால் படிப்பு போய்விடும் என்றாள். நான் சொல்லவில்லை. அவள் மேல் எனக்குப் பிரியம். அது இங்கே தேவையில்லை என்றால் அடித்துவிடுங்கள்.

அதன் பிறகு மார்ச் மாதம் இயக்குநர் அஸ்பாருக் கெஞ்செவ், பொடி மலிவாகக் கிடைக்கிறது என்று வேறு இடத்தில் வாங்கச் சொன்னார். பழைய ஆட்கள் கிருமி நச்சு இல்லை என்ற சோதனைத் தாளும் அனுப்புவார்கள். புதியவர்கள் அனுப்பியது பொடியின் சுத்தத்துக்கான தாள் மட்டும். அதில் நச்சைப் பற்றி ஒரு வரி கிடையாது. வெளியே கொடுத்துச் சோதிக்கலாம் என்றேன்.

"ஏன், எலி வந்து உங்ககிட்ட புகார் குடுத்துச்சா?" என்றார் இயக்குநர். எல்லோரும் சிரித்தார்கள். காரணம் சொன்னால் பில்யானா மாட்டுவாள் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். புதுக் குப்பியைத் தொடாதே என்று அவளிடம் மட்டும் சொன்னேன். "சரிக்கா" என்றாள். குப்பிகள் இருக்கும் உறைபெட்டியின் சாவி என்னிடம்தான் இருந்தது. பூட்டியிருக்கலாம், பூட்டவில்லை.

ஏப்ரல் 9 அன்று அவள் வேலைக்கு வரவில்லை. குளிர் காய்ச்சல் கண்டு மயங்கிய நிலையில் மருத்துவமனையில் சேர்த்ததாகத் தகவல் வந்தது. அவள் எதைக் கையாண்டாள் என்று மருத்துவர்கள் தொலைபேசியில் கேட்டபோது, ஒன்றும் தெரியாது என்றார் இயக்குநர். நான் பக்கத்தில்தான் நின்றேன். அதன் பிறகு அவர் என்னிடம், "காலிக் குப்பி ஒண்ணு மிச்சமில்லாம இன்னிக்கே அழிச்சிடுங்க. நமக்கு எதுவும் தெரியாது, புரியுதா?" என்றார். அழித்தேன், துளை விழுந்த புதுக் குப்பிகள் இரண்டைத் தவிர. அன்று முழுவதும் நானும் உண்மையை யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் ஒரு குப்பியை மருத்துவரிடம் கொண்டுபோனேன். அதற்குள் அவள் ஊசி போட்டுக்கொண்ட இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நேற்றே தெரிந்திருந்தால் கால் தப்பியிருக்குமா என்று கேட்டேன். அவர் குப்பியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவளுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை.

அதே பொடியைப் போட்ட எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகவே பொடியில் குற்றமில்லை என்று இயக்குநர் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். எலி தாங்கும் நச்சை மனித உடம்பு தாங்காது. வருடா வருடம் மாணவர்களுக்கு இதைப் பாடமாக நடத்துகிற மனிதரே அவர்தான், வெட்கங்கெட்டவர்.

நேற்று மருத்துவமனை நடையில் பில்யானாவின் தாயார், மகள் குடிக்க முடியாத சூப்பைப் பிளாஸ்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். "அந்த எலிங்க நடக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

"நடக்குதுங்க" என்றேன்.

இரண்டாவது குப்பியைத் துளையுள்ள மூடியோடு இத்துடன் ஒப்படைக்கிறேன். எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே, உண்மையாகவே இருக்கிறது. மனிதருக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று நான் உறுதி கூறி அனுப்பிய தாள்களிலும் இதே கையெழுத்துதான் இருக்கிறது.

(ஒப்பம்) சோர்னிட்சா வல்கானோவா