கல்லில் இருக்கும் என் அப்பாவின் பெயர்

நம் தேசிய நாளான மே பதினேழின் விழாக்குழுத் தலைவி சோல்வெய் அவர்களே, பள்ளி நூலகத்தைப் பூட்டிய ஊராட்சித் தலைவர் ஸ்வெர்ரே அவர்களே, தீவின் மூத்தவர்களே, தாய்மார்களே, நான் எப்போது முடிப்பேன், ஐஸ்கிரீம் எப்போது வரும் என்று கொடியோடு காத்திருக்கும் குழந்தைகளே, வணக்கம்.

காலையில் நினைவுக்கல்லுக்கு மலர்வளையம் வைத்தோம். கடல் கொண்ட மீனவர்களின் பெயர்களில் என் அப்பா எய்னாரின் பெயரும் உண்டு. நான்கு வயது முதல் ஒவ்வொரு மே பதினேழும் அந்தக் கல்லோடு பேசினேன். கல் பேசியதா? இல்லை. கல்லை யாராவது கேள்வி கேட்டார்களா? அதுவும் இல்லை.

போன குளிர்காலத்தில் ஏழாம் வகுப்பு ஐரின் கேட்டாள். "அவரு மூழ்கினதை யாரு பாத்தா தாத்தா?"

"ஊர்ப் புத்தகத்துல இருக்கே."

"புத்தகம் கல்லைப் பாத்து எழுதினது. இணையம் புத்தகத்தைப் பாத்து எழுதினது. மூணு பேர் சொன்ன மாதிரி இருக்கு, சொன்னது ஒரு கல்லுதான்."

நூலகர் மாரித் அந்த வகுப்புக்குத் தேடக் கற்றுத்தந்தார். வடக்கே, தூரத்து வார்டோ ஊரில் ஒரு கல்லறையில் அதே பெயர் கிடைத்தது. அப்பாதான் என்று எழுந்துவிட்டேன்.

"அவசரப்படாதீங்க," என்றார் மாரித். "ஒரே பேர்ல நூறு பேர் இருப்பாங்க."

பிள்ளைகள் கல்லறையில் இருந்த பிறந்த தேதியைப் பார்த்தார்கள். பொருந்தியது. அதுவும் போதாதென்று, அவரோடு மீன் பதப்படுத்தும் கூடத்தில் வேலை செய்த கிழவியைத் தேடிப்பிடித்துத் தொலைபேசியில் கேட்டார்கள்.

"எய்னாரா? இடது கையில ரெண்டு விரல் இருக்காதே, அவருதானே? சொந்த ஊரைப் பத்தி வாயே திறக்கமாட்டாரு."

அந்த விரல்களைப் பற்றி அம்மா சொல்லியிருக்கிறாள்.

அப்பா மூழ்கவில்லை. எங்களை விட்டுப் போயிருந்தார்.

ஊர் கொதித்தது. பிள்ளைகள் இந்தக் கிழவனின் மனதை உடைத்துவிட்டார்கள் என்றீர்கள், நூலகத்தைப் பூட்டினீர்கள். உடைந்தது என் மனம். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா ஸ்வெர்ரே?

என்ன பியார்னே, பின்வரிசையிலிருந்து முணுமுணுக்கிறாய், பழைய கதையே நன்றாக இருந்தது என்கிறாயா? உனக்கு இருந்திருக்கும். கல்லோடு பேசிக்கொண்டிருந்தவன் நானல்லவா?

எனக்கு இன்னும் ஒரு கேள்வி மிச்சம். அங்கே, அந்தத் தூரத்தில், அவர் ஒருமுறையாவது என் பெயரைச் சொன்னாரா? அந்தக் கிழவிக்குத் தெரியவில்லை. வேறு யாருக்குத் தெரியும்? எங்கே தேடுவது? கிடைப்பதை எப்படி நம்புவது? என் படிப்பெல்லாம் மீன்கூடத்து வேலைதான், எனக்குத் தெரியாது. இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். அவரை அறிந்தவர்களோ ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே நூலகச் சாவி என் கைக்கு வரும்வரை இந்த மேடையை விட்டு இறங்கமாட்டேன். உட்கார நாற்காலியும் கொண்டுவந்திருக்கிறேன்.

கேட்டிருந்த உங்களுக்கு நன்றி. கேள்வி கேட்ட ஐரினுக்கு என் வணக்கம்.