எண்ணெயில் வெடித்த எள்ளுருண்டை

"படுங்கோ! எல்லாரும் கீழ படுங்கோ!"

கத்துறது நான்தான். டப் எண்டு ஒரு சத்தம். அடைச்ச சத்தம். வயிறு நிலத்தில. கை பிடரியில. பக்கத்தில நிண்ட முதலாளி மேயின்ர காலையும் பிடிச்சு இழுத்து விழுத்திப்போட்டன். அவ வைச்சிருந்த தட்டு சரிஞ்சு, எல்லாம் குசினி முழுக்க உருண்டு ஓடுது.

ஷெல் இல்லை. எள்ளுருண்டை. இது நியூசிலாந்து, ஒக்லாந்து, பென்ரோஸ். தொண்ணூற்றொன்பது. சீன வருசப்பிறப்புக்கு முதல் நாள். மேயின்ர பலகாரக் கடையில எனக்கு வேலை. ஒட்டுற அரிசி மாவைக் குழைச்சு, உள்ள இனிப்புப் பயறு வைச்சு, எள்ளில பிரட்டிப் பொரிக்கிறது. எண்ணெய் கூடக் கொதிச்சால் உள்ள காத்து முட்டி வெடிக்கும். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் விழுறன்.

இங்க சண்டை இல்லைத்தானே எண்டு நாங்கள் இருக்கிற மனுரேவாவில எங்கட சனம் புத்தி சொல்லுது. எனக்குத் தெரியாதோ? என்ர முழங்காலுக்கு ஆர் சொல்லுறது?

தொண்ணூற்றைந்து. யாழ்ப்பாணம். ஐப்பசி. மகனுக்கு முதல் பல்லு. ஓலை நீத்துப்பெட்டியில பல்லுக்கொழுக்கட்டை அவியுது. பிள்ளையைப் பாயில இருத்தியாச்சு. கொழுக்கட்டையைப் பிள்ளையின்ர தலையில கொட்டுறது எங்கட வீட்டில மாமியின்ர உரிமை. என்ர மனுசன்ர தங்கச்சி ஜெயா, பிள்ளையின்ர மாமி, அதுக்கெண்டே சீலை கட்டிக்கொண்டு நிண்டாள்.

தூரத்தில டும் எண்டு ஒரு குத்து. பிறகு ஷெல் வாற விசில்.

"ஓடுங்கோ!"

மனுசன் பிள்ளையைத் தூக்கினார். ஒழுங்கையால ஓடினம். கோயிலடிக்கு வந்திட்டம். அதில ஜெயா நிண்டிட்டாள். கொட்டாமல் விட்டால் பிள்ளைக்குக் கூடாதாம். எடுத்துக்கொண்டு ஓடி வாறாளாம்.

"ஜெயா! நில்லடி! திரும்பி வா!"

நிக்கேல்லை. திரும்பவும் விசில். விசில் நிண்டுது. சத்தம் எங்கட வீட்டுப் பக்கம் கேட்டுது.

இப்பவும் எனக்குப் பத்திக்கொண்டு வருது. கொழுக்கட்டைக்கு ஆரும் திரும்பிப் போவினமோ? மகனுக்கு இப்ப வாய் நிறையப் பல்லு. ஒருத்தரும் ஒண்டும் கொட்டேல்லை. பல்லு தன்ர பாட்டில முளைச்சுது.

மேய் எழும்பி முழங்காலைத் தடவுறா. ஏசேல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். இனி நான் மா குழைக்கட்டாம், பொரிக்கிறதைத் தான் பாக்கிறாவாம். மாட்டன் எண்டன். ஒருதரமெண்டாலும் அந்தச் சத்தத்துக்கு நான் நிண்டு காட்டவேணும். கரண்டியைப் பிடிச்சன். அடுத்த ஈடு போட்டன். உருண்டையள் மிதக்குது. ஊதுது. பல்லைக் கடிச்சுக்கொண்டு நிக்கிறன்.

டப்.

திரும்பவும் நிலத்தில கிடக்கிறன். சீ, என்ன சீவியம் இது.

மேய் குனிஞ்சு கரண்டியை என்ர கையிலயிருந்து எடுத்தா. பிறகு நிலத்தில கிடந்த உருண்டையளை எண்ணி எண்ணிக் குப்பையில போட்டா. உருண்டைக்குக் கணக்கு இருக்கு. ஜெயாவை ஒருத்தரும் எண்ணேல்லை. அதாலதான் இதை எழுதுறன்.

பென்ரோஸில போனது: எள்ளுருண்டை ஒரு தட்டு. என்ர பொரிக்கிற வேலை.

யாழ்ப்பாணத்தில போனது: வீடு. குசினி. ஒரு நீத்துப்பெட்டிக் கொழுக்கட்டை, அவிஞ்சபடி. ஜெயா, வயது இருபத்துமூண்டு.