மூன்றாவது வளைவு

சின்ன வயதில் நாங்கள் உமிக்கரியால்தான் பல் விளக்கினோம், ஐயா. நீங்களும் விளக்கியிருப்பீர்கள். மெல்லத் தேய்த்தால் பல் வெளுக்கும், அழுத்தித் தேய்த்தால் பல்லே தேயும். பல்கலைக்கழகத்திலும் பிறகு கட்டார் சீமெந்து ஆலையிலும் நான் படித்தது அதற்குமேல் அதிகமில்லை.

மில் விபத்துப் பற்றிய உங்கள் அறிக்கையில் ‘வடிவமைப்புப் பிழை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தத்தான் நானாக வந்தேன். தேத்தண்ணி வேண்டாம்.

ஷாமில் என் மனைவி நஸீறாவின் காக்கா, கூடப் பிறந்த அண்ணன். கரடியனாறு ரோட்டில் இருக்கிற அரிசி மில் அவனுடையது. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு. காக்காமார் உழைத்துக் கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை வந்து இருப்பான். ஊர் வழமை, அதில் வெட்கம் இல்லை. ஆனால் குடிபுகுந்த அன்று, சபை நிறைய ஆட்கள் இருக்கும்போது, அவன் சாவியை நஸீறாவின் கையில் வைத்தான். “வீடு உனக்கு. மச்சான் விருந்தாளி, நல்லாப் பாத்துக்க” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நஸீறாவும் சிரித்தாள். அன்றிலிருந்து பள்ளிவாசல் படியிலும் கடைத்தெருவிலும் நான் விருந்தாளிதான். “விருந்தாளி சாப்பிட்டாச்சா?” என்பான். அவனுக்கு அது பகிடி. நான் ஒவ்வொரு தடவையையும் எண்ணி வைத்தேன்.

போன வருடம் நெல் அவிக்கிற பொயிலருக்கு உமி எரிக்கத் தொடங்கினான். சாம்பலைக் காற்றால் தள்ளிக் குழாய் வழியே பின்வளவுத் தொட்டிக்கு அனுப்ப வேண்டும். “சும்மாதானே இருக்கிறீங்க மச்சான், ஒண்டு கீறித் தாங்க” என்றான். வரைபடம் கீறிக் கொடுத்தேன்.

உமிச் சாம்பல் பார்வைக்குப் பஞ்சு, உள்ளே கண்ணாடித் தூள். நேர்க் குழாயில் அடக்கமாகப் போகும். வளைவில்தான் மோதி இரும்பை அராவும். ஆகவே திரும்புகிற இடத்தில் முட்டுச்சந்து மாதிரி ஒரு குழி விடுவேன். அதில் சாம்பல் நிரம்பி நிற்கும், வருகிற சாம்பல் நிற்கிற சாம்பலில் மோதும், இரும்பு தப்பிவிடும். எல்லா வளைவுக்கும் அப்படித்தான் செய்தேன். மூன்றாவதுக்கு மட்டும் மெல்லிய சாதாரண வளைவு போட்டேன். அது நடைபாதை ஓரத்தில், ஒரு ஆளின் காது உயரத்தில் இருந்தது.

காது என்றதற்குக் காரணம் உண்டு. அவர்களின் வாப்பா வாவியில் மீன் பிடித்தவர். எங்கள் வாவியில் மீன் பாடும் என்பார்கள். காக்காவும் தங்கச்சியும் அவரோடு தோணியில் போய், துடுப்பைத் தண்ணீரில் விட்டு மேல்நுனியில் காதை வைத்து, மீன் பாடுகிறதா என்று கேட்டு வளர்ந்தவர்கள். மில்லிலும் ஷாமில் ஒரு முறிந்த துடுப்புத் துண்டு வைத்திருந்தான். குழாய் அடைத்தால் மீட்டரைப் பார்க்க மாட்டான். அந்தத் துண்டை வளைவில் ஊன்றிக் காதை வைப்பான். அடைத்த குழாயில் காற்று பின்னால் நின்று நெருக்கும். தேய்ந்த வளைவு அதை எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியும். அமுக்கம் மிஞ்சினால் திறக்க வேண்டிய வால்வை, திறக்காதபடி இறுக்கியதும் நான்தான். மாரியில் சாம்பல் ஈரமாகும், ஈரச் சாம்பல் கட்டாயம் அடைக்கும். நான் காத்திருந்தேன்.

மார்கழியில் அடைத்தது. நான் சுவிட்ச் பலகையடியில் நின்றேன். ஷாமில் உன்னிச்சை நெல் வியாபாரி ஒருவரோடு போனில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தான். நஸீறா எங்கள் இருவருக்கும் பகல் சோறு கொண்டு வந்திருந்தாள். அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, “நஸீறா, நீ ஒருக்காக் கேட்டுப் பாருகா. உன்ட காது என்டதை விட நல்லம்” என்றான்.

அவள் துண்டை எடுத்தாள். “உங்கட குழாய் பாடுதா எண்டு பாப்பம்” என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

காற்றை வெளியே விடுகிற பிடி என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. இதை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ‘விலகு’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தாலும் போதும். ஆனால் ஏன் என்று ஷாமில் கேட்பான். அவன் முட்டாள் இல்லை. வளைவைப் பார்ப்பான், பிறகு என்னைப் பார்ப்பான். சாகும்வரை சொல்லிக்காட்டுவான். நான் வாயைத் திறக்கவில்லை.

“ஒரு சத்தமும் இல்ல” என்றாள் நஸீறா. அப்போதுதான் வளைவு வெடித்தது. ஜனாஸாவை அடக்கும்போது அவள் முகத்தை யாருக்கும் திறந்து காட்டவில்லை.

ஷாமில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். “நான்தானே மச்சான் அவளக் கேக்கச் சொன்ன” என்றான். ஓம், நீதான் என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அவன் அதோடு நிறுத்தியிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். உங்கள் அறிக்கை வந்த பிறகு ஊரெல்லாம் வேறு கதை சொல்லித் திரிகிறான். “மச்சானோட யாரும் கோவிக்காதீங்க. பாவம், தெரியாமச் செஞ்சிட்டார்” என்கிறான். அவன் என்னை மன்னிக்கிறானாம்.

அந்த வளைவின் தடிப்பு, உயரம், தேய்கிற காலம் எல்லாம் நான் கணக்குப் பார்த்து வைத்தவை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் ‘பிழை’ என்ற சொல்லை மட்டும் வெட்டிவிடுங்கள். நஸீறா இருந்திருந்தால் எனக்காக அவளே இங்கு வந்து சொல்லியிருப்பாள், இவர் பிழை விடுகிற ஆள் இல்லை என்று.