பதினோரு பெட்டையும் ஒரு கெடாவும்

அட, மூக்கைப் புடிக்காதீங்க மாமா. மான் புழுக்கை அப்படி ஒண்ணும் நாறாதுங்க. தோட்டத்துல ஆட்டுப்பட்டிக்குள்ள நின்னு நீங்க டீ குடிச்சதை நான் பாத்திருக்கறேன். வேலியோரமா வாங்க, அதுக மிரளாது.

ஆமாங்க, இதுதான் என் வேலை. பொறுக்கறது. ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? கல்யாணப் பத்திரிகையில டாக்டர் கருப்பசாமி, டெக்சாஸ்னு போட்டது நீங்கதான். நாமக்கல்ல மாட்டு டாக்டருக்குப் படிச்சவன்னு நான் மறைக்கவே இல்லீங்க. மாப்பிள்ளை இங்க ஆலன்ங்கற ஊர்ல ஆஸ்பத்திரி வெச்சிருக்காருன்னு சொந்தபந்தம் பூரா நீங்களாச் சொல்லிட்டுத் திரிஞ்சா நான் என்ன பண்றது?

இந்தப் பையைக் கொஞ்சம் விரிச்சுப் புடிங்க. மேல ஏழுன்னு எழுதியிருக்குதா? அந்தா நிக்கறாளே காது கிழிஞ்சவ, அவளோடது. பின்னாலயே நின்னு, அவ போட்டதும் எடுத்துரோணும். வெயில்ல காஞ்சா அளவு தப்பிரும்.

எதுக்குங்களா? சினையா இல்லையான்னு பாக்கத்தான். மாடா இருந்தா கையை உட்டே பாத்துருவேன். இது காட்டு ஜாதி, அஸ்ஸாம் பக்கத்துச் சதுப்பு நெல மானு. புடிச்சு ஊசி குத்துனா பயத்துலயே செத்துப்போனாலும் போயிரும். அதனால தொடறதே இல்லீங்க. ஒடம்புல ஓடற ஹார்மோன் புழுக்கையிலயும் வந்துரும். அதை லேபுல அளந்தா, எப்பப் பருவத்துக்கு வந்தா, சினை நின்னுச்சா, அத்தனையும் தெரிஞ்சுரும். கொழந்தை இல்லைன்னு உங்க மக வான்மதியைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில படுக்கப்போட்டு என்ன பாடு படுத்துனாங்க? அவளுக்குக் கெடைக்காத மரியாதை இங்க மானுக்குக் கெடைக்குது.

இல்லீங்க, பேச்சை மாத்தல. வெள்ளிக்கிழமை ஃப்ளைட்டு, தெரியும். அவளைக் கூட்டிட்டுப் போயி ஆறு மாசம் வைத்தியம் பாக்கோணும், அதுக்கும் ஒண்ணும் ஆகலைன்னா எனக்கு வேற பொண்ணு பாத்துருவோம்னு எங்கம்மா உங்ககிட்டயே சொல்லி உட்டதும் தெரியும். நீங்களும் எதுத்து ஒரு வார்த்தை பேசாம ஏறி வந்துட்டீங்க. பெத்த அப்பனுங்க நீங்க! சரி சரி, கோவிச்சுக்காதீங்க. மான் கதையை முடிச்சுடறேன்.

பதினோரு பெட்டை, ஒரு கெடா. தொண்ணூத்தஞ்சுல ஆரம்பிச்சோம். ரெண்டு வருஷம் ஒருத்தியும் சினை புடிக்கல. தீனியை மாத்துனோம். கொட்டாயை மாத்துனோம். எங்க பெரியவரு, வெள்ளைக்காரரு, இவளுகளுக்கு டெக்சாஸ் வெயில் ஒத்துக்கலன்னு ஒரு கட்டுரையே எழுதிட்டாரு. நான் தெனம் பொறுக்கி, தெனம் அளந்து, கோடு கோடாப் போட்டு வெச்சேன். பதினோரு பேருக்கும் பருவம் தப்பாம ஏறுது, எறங்குது. ஒரு கொறையும் இல்லை. அதுக்கப்புறமும் அவளுகளையேதான் அளந்துட்டிருந்தோம்.

கெடாவையா? அவனைப் பாக்கோணும்னு ஒரு பயலுக்கும் தோணலீங்க. அந்தக் கொம்பைப் பாத்தா யாருக்குத் தோணும்? விடிஞ்சா ஒரு சத்தம் போடுவான் பாருங்க, ஃப்ரீவே வரைக்கும் கேக்கும். ரெண்டு வருஷம் ராசாவாட்டம் மேஞ்சான். கடைசியில வேற பண்ணையில இருந்து ஒரு நோஞ்சான் கெடாவைக் கொண்டாந்து உட்டோம். அந்தப் பருவத்துலயே ஏழு பேரு சினை!

பழையவனா? அந்தா, மரத்தடியில நிக்கறானே, அவன்தான். சத்தத்துக்கு மட்டும் இன்னும் கொறைச்சல் இல்லை.

பையைக் கீழ வெச்சுட்டுக் கேளுங்க மாமா. அந்த டிக்கெட்டைக் கேன்சல் பண்ணீருங்க. உங்களுது இல்லீங்க, அவளுது. அவளுக்கு வைத்தியமே வேண்டாம். ஏழு பேரு சினைன்னு தெரிஞ்ச வாரமே நானும் போயி ஒரு டெஸ்ட் குடுத்தேன். எங்கிட்டத்தான் கொறைங்க. மருந்து மாத்திரையில தீராதுன்னுட்டாங்க. வெக்கம் புடுங்கித் தின்னுச்சு, அவகிட்டச் சொல்ல வாயே வரல. இன்னும் சொல்லலீங்க.

போன ஆடிக்கு அவ ஊருக்கு வந்து, மாரியம்மன் கோயில்ல கையைப் பின்னால கட்டிட்டு மண்சோறு தின்னாளே, அது அந்த ரிப்போர்ட்டு வந்ததுக்கு அப்புறமுங்க. ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் உட்டவனே நாந்தான்.