பொறியாளர் பேண்ட்டில் ஒரு சாக்பீஸ் கோடு

என் பேச்சு நீளும் என்று தெரிந்தே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்திருக்கும் தலைவர் அவர்களே! ஒப்புதல் ஆணையோடு வந்திருக்கும் மாநகராட்சிப் பொறியாளர் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து, முழங்கால் வலியையும் மறந்து முறுவலிக்கும் பெரியோர்களே! வானம் கறுத்தாலே அரிசி டப்பாவைப் பரணில் ஏற்றும் தாய்மார்களே! தெருச் சங்கச் செயலாளரின் தலை தாழ்ந்த வணக்கம்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? வீடுகளுக்கு நடுவே பொக்கைவாய் போலக் கிடந்த காலி மனையில் நான்கு மாடிக் குடியிருப்பு எழப்போகிறது. அதன் மழைநீர் வடிகாலுக்கு மாநகராட்சி ஒப்புதல் கொடுத்துவிட்டது! தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! வடிகாலுக்குக் கைதட்டு வாங்கிய முதல் பேச்சாளன் நானாகத்தான் இருப்பேன்.

இதுவரை தெருவின் மழையையெல்லாம் அந்த மனைதான் மடியில் வாங்கிக்கொண்டது. மனை நிறைந்தால் மிச்சம் எங்கே போகும்? தெருக்கடைசிப் பள்ளத்துக்குப் போகும். பள்ளத்தில் யார் வீடு? நம் தையல்காரத் தங்கையின் வீடு! தரையில் மெஷின், அந்த மெஷினில்தான் அவர் பிழைப்பு. மனையில் கட்டடம் வந்துவிட்டால் மொத்த மழையும் அவர் வாசலுக்குத்தான்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பொறியாளர் வரைபடத்தை விரித்தார். என்ன வண்ணம்! என்ன வனப்பு! நீல அம்பு ஒன்று கிழக்கே பாய்ந்தது. "கடைசி வீட்டுப் பக்கம் தண்ணியே போகாதுங்க" என்றார்.

தங்கை எழுந்தார். அழுதாரா? இல்லை. அதட்டினாரா? அதுவும் இல்லை. கழுத்தில் கிடந்த டேப்பை உருவினார்.

"சார், கொஞ்சம் நேரா நில்லுங்க."

"எதுக்கும்மா?"

"அளவெடுக்கத்தான். மூச்சைப் பிடிக்காதீங்க, வயித்தை அளக்கலை."

டேப்பின் நுனியைத் தரையில் வைத்து, காலோடு ஏற்றி, பத்தொன்பதாவது அங்குலத்தில், துணிக்குப் போடும் சாக்பீஸால் அவர் பேண்ட்டில் ஒரு கோடு இழுத்தார்.

"போன மழைக்கு என் வீட்டுக்குள்ள தண்ணி இது வரைக்கும் நின்னுச்சு. இந்தக் கோடு உங்க படத்துல எங்க சார் இருக்கு?"

பொறியாளர் படத்தைப் பார்த்தார், பேண்ட்டைப் பார்த்தார். மறுநாளே தரையின் மேடுபள்ளம் பார்க்கும் மட்டக்கருவியோடு வந்துவிட்டார். மூன்று முறை தார் போட்டு மேடாகிப்போன சாலை, அவர்களுடைய பழைய படத்தில் மேடாகவே இல்லை! திரும்பியது அம்பு! இப்போது கட்டடத்துக்கு அடியில் மழையைப் பிடித்து நிறுத்த ஒரு தொட்டி. அங்கிருந்து தெருவோர வடிகால் வழியாகப் பெரிய கால்வாய்க்குப் பாதை.

கூட்டத் தொடக்கத்தில் ஆணையைப் படித்துக் காட்டியபோது ஐந்தாவது நிபந்தனையை மட்டும் நான் வாசிக்காமல் விட்டேன். அதோ, என் மனைவி சிரிக்கிறார், அவருக்குத் தெரியும். தெருவோர வடிகாலை மூடிக் கட்டிய வாசல் சாய்தளங்களை வீட்டுக்காரர்களே இடிக்க வேண்டுமாம். முதன்முதலில் கட்டியது யார்? ஸ்கூட்டர் குலுங்காமல் ஏற வேண்டுமென்று கட்டியவன் இந்தச் செயலாளன்தான்! என்னைப் பார்த்துப் பக்கத்து வீடு. அதைப் பார்த்து அடுத்த வீடு. பன்னிரண்டு வீட்டுச் சிமெண்ட்டும் சேர்ந்து பள்ளத்து வீட்டுக்குத் தண்ணீரைத் தள்ளியது. போன மழையில் அந்த மெஷினைத் தூக்க முதல் ஆளாக ஓடினேன். இதே மேடையில் பாராட்டும் வாங்கிக்கொண்டேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அன்பர்களே! இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத கட்டடம் தன் மழையைத் தானே தாங்குகிறேன் என்கிறது. முப்பது வருடமாகக் குடியிருக்கும் நாம் தாங்க மாட்டோமா? அண்டை வீட்டை நனைத்துவிட்டு நம் வாசல் மட்டும் காய வேண்டுமா? இடிப்போம்! தடையை இடிப்போம்! தயங்காமல் இடிப்போம்!

கடைசி வரிசையில் கை உயர்கிறது. சொல்லுங்கள், தங்கையே!

"அண்ணே, இடிப்போம் இடிப்போம்னா எப்ப?"

நாளைக் காலையில், நல்ல வெளிச்சத்தில்...

"இப்பவே வெளிச்சம் இருக்குண்ணே. கடப்பாரை கொண்டு வந்திருக்கேன்."

கேட்டீர்களா? இதற்கு மேல் பேசினால் என் வேட்டியிலும் கோடு விழும். தலைவர் அவர்களே, கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளுங்கள். அந்தப் பேண்ட்டைத் துவைக்காமல் வைத்திருக்கும் பொறியாளருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் என் நன்றி. மிச்சப் பேச்சை என் வாசலில் கடப்பாரை பேசும். அனைவரும் வாருங்கள், வணக்கம்!