டார்ச் லைட்டின் அடியில் அரை அங்குல இடம்

கைவிளக்கு செய்வோர் சங்கத்தின் தலைமை ஏற்று, இந்த அவைக்கு அணி சேர்க்கும் தலைவர் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, பட்டறையையும் வீட்டையும் ஒருசேரச் சுமக்கும் தாய்மார்களே, தேநீர் எப்போது வரும் என்று வாசலையே பார்த்திருக்கும் தோழர்களே, அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

பாராட்டிப் பேசத்தான் அழைத்தீர்கள். பொறுத்தருளுங்கள், நான் பொருமத்தான் வந்திருக்கிறேன்.

என் அத்தான் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒருநாள் லிஃப்ட் குழிக்குள் இறங்கி டார்ச்சை எடுத்தால், அது எரியவில்லை. பைக்குள்ளேயே பட்டன் அழுந்தி, வீணாய் எரிந்து, பேட்டரி தீர்ந்திருந்தது. இருட்டில் தவறி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார். டார்ச் பட்டறை நடத்தும் என் அக்கா, அன்றிலிருந்து அதே கவலையாய் இருந்து, அழுத்தித் திருப்பினால் மட்டுமே எரியும் பட்டனை உருவாக்கினார். அலையாய் அலைந்து அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

பெற்றதை விளக்கின்மேல் பொறித்தாரா? இல்லை! ஏன் பொறிக்கவில்லை? அத்தான் விடவில்லை. "பளபளன்னு இருக்கறதுல எழுத்தைக் குத்தி எதுக்கு அசிங்கப்படுத்தறே?" என்றார். அழகாம், அழகு!

பெரிய நிறுவனம் ஒன்று அதே பட்டனைப் போட்டு விற்கத் தொடங்கியது. அக்கா நேரில் போய் நியாயம் கேட்டார். மேலாளர் டார்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஒண்ணுமே எழுதலையேம்மா. உங்களோடதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். தெரியாமல் செய்ததற்கு இழப்பீடு கிடைப்பது கடினம் என்று எங்கள் வக்கீலும் கையை விரித்தார்.

அக்கா புது அச்சு செய்தார். காப்புரிமை என்ற சொல்லையும் அதன் எண்ணையும் அடிப்பாகத்தில் பொறித்தார். அடுத்து என்ன நடந்தது தெரியுமா? அந்த நிறுவனம் எங்கள் புது டார்ச்சையும் அப்படியே அச்செடுத்து வார்த்துவிட்டது. எங்கள் எழுத்தோடு, எங்கள் எண்ணோடு!

சிரிக்கிறீர்கள். வழக்குப் போட்டோம்; நீதிமன்றத்திலும் சிரித்தார்கள். அது தங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு என்று எதிர்த்தரப்பு வக்கீல் முழங்கி முடித்ததும், நீதிபதி அவர்கள் டார்ச்சைக் கவிழ்த்துப் படித்தார். "அந்தம்மாவோட நம்பர் உங்க டார்ச்சுல எப்படி வந்தது?" என்று அமைதியாகக் கேட்டார். வக்கீல் தண்ணீர் குடித்தார்.

விற்பனைக்குத் தடை வந்தது. பொறித்த பிறகு விற்றவற்றுக்கு இழப்பீடும் வந்தது. பொறிக்காத காலத்துக்கு? அக்கா நேரில் போய்ச் சொன்னதற்குச் சாட்சி இல்லையாம், ஒன்றுமில்லை! ஐயா, எனக்கு அதில்தான் வயிறு எரிகிறது.

இங்கே அமர்ந்திருப்போரில் உரிமை இருந்தும் பொறிக்காதவர் எத்தனை பேர்? விண்ணப்பமே போடாமல் 'காப்புரிமை பெற்றது' என்று பொய்யைப் பொறிப்பவர் எத்தனை பேர்? முன்வரிசையில் ஏன் இந்தத் திடீர் இருமல்? இருப்பவன் எழுதமாட்டான், இல்லாதவன் எழுதுவான் என்றால், வாங்குபவர் எதை நம்புவார்? உழைத்தது உண்மையென்றால் உரக்கச் சொல்லுங்கள்! உங்களுடையது இல்லையென்றால் ஒதுங்கி நில்லுங்கள்!

அக்கா வரவில்லை. பட்டறையில் வேலை இருக்கிறதாம். அத்தான்தான் வந்திருக்கிறார், இதோ, தலையைக் குனிந்தபடி. இப்போதெல்லாம் எங்கள் பட்டறையில் ஒவ்வொரு டார்ச்சையும் கவிழ்த்து, எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது அவர்தான்.

என் எரிச்சலைப் பொறுத்துக்கொண்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. வணக்கம்.