எல்லார் போனுக்கும் ஒரே இலக்கம்

உங்கள் போன் பழுதானால் அதை யாரிடம் கொடுப்பீர்கள்? தெரிந்த ஒருவரிடம்தான். நுரைச்சோலையில் எங்கள் குடியிருப்புக்கு அந்தத் தெரிந்தவன் பதினொரு வருடமாக நான்தான்.

நான் ஏமாற்றித் தொழில் செய்பவன் இல்லை. கண்ணாடி மாற்றினால் உடைந்த கண்ணாடியையும் கடதாசியில் சுற்றித் திருப்பிக் கொடுப்பேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஒன்பது வயதில் உடுத்த உடுப்போடு துரத்தப்பட்டவன். இங்கே மற்ற எல்லோரும் மன்னார்ச் சனம். உம்மாவும் வாப்பாவும் மௌத்தான பிறகு எனக்கென்று ஒருவரும் இல்லை. கடையைப் பூட்டிவிட்டு வாசிப்பேன். 2022இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அதைத் தமிழில் மூன்று தரம் வாசித்தேன். நானறிய இந்தப் பக்கத்தில் அதை வாசித்த வேறு ஆள் இல்லை.

எங்கள் சனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் விரட்டப்பட்ட நாளிலிருந்து, பேனையும் தாளுமாக வந்த எவனுக்கும் எல்லாவற்றையும் சொல்லிப் பழகிவிட்டோம். நிவாரணத்துக்கு, வீட்டுத் திட்டத்துக்கு, வாக்காளர் பதிவுக்கு. பேர், வயது, நோய், எத்தனை பிள்ளை. எதற்கென்று கேட்டால் பட்டியலில் பேர் விடுபட்டுவிடும் என்று பயம். போனுக்கு இரகசிய இலக்கம் வைக்கச் சொன்னால் பத்து வீட்டில் எட்டு வீடு 1990 என்று வைக்கும். மறக்காத வருடமாம். அதற்குப் பிறகு அகதி முகாமில் பிறந்த பிள்ளைகளும் அதையே வைத்தார்கள்.

எனக்கு அதில் கோபம். இப்போதும் கோபம்தான்.

அதனால் முன்பள்ளி மண்டபத்தில் பெண்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தேன். யாரும் கேட்டு இல்லை, நானாகத்தான். ஒரு காரணத்துக்குத் தந்த விபரத்தை வேறு காரணத்துக்குப் பாவிக்கக் கூடாது, கொடுத்த சம்மதத்தைத் திரும்ப எடுக்கலாம், நோய் பற்றிய விபரத்துக்குக் கூடுதல் பாதுகாப்பு உண்டு என்றெல்லாம் சொன்னேன். இலக்கத்தை இன்றைக்கே மாற்றுங்கள் என்றேன்.

முன்வரிசையில் அந்த முன்பள்ளியின் டீச்சர் ஸும்ரா இருந்தாள். இருபத்துமூன்று வயது. கனமூலை என்ற ஊரிலுள்ள ஃபாஹிமுக்கு நிக்காஹ் பேசி முடிந்திருந்தது. என்னை அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"எங்கட போன்ல களவெடுக்க என்ன இரிக்கி நானா? கருவாட்டு வெலயும் சின்ன மருமகன்ட படமும்தான். வேணுமெண்டா நீங்களே பாருங்களேன்," என்றாள்.

மண்டபமே சிரித்தது. பின்னாலிருந்த ரம்ஸியா ராத்தா, "அவருக்கு ஒரு பொண்ணத் தேடிக் குடுங்கடி, சட்டம் படிச்சே கெழவனாப் போறார்," என்றாள். திரும்பவும் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

இரண்டு கிழமை கழித்து ஸும்ரா பழைய போனையும், ஃபாஹிம் வாங்கிக் கொடுத்த புதிய போனையும் கடைக்குக் கொண்டுவந்தாள். இதில் இருப்பதையெல்லாம் அதற்கு மாற்ற வேண்டும்.

"இலக்கத்த மாத்தினியா தங்கச்சி?"

"மாத்தினா மறந்திருவேன் நானா. அதே தொண்ணூறுதான்."

மாற்றும்போது படங்கள் திரையில் வரிசையாக ஓடும். பார்க்காமலும் இருக்கலாம். ஆனால் அவள் பார்க்கச் சொல்லியிருந்தாள். சம்மதம் சுயமாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். முப்பது பெண்கள் முன்னால் சிரித்துக்கொண்டே தந்த சம்மதத்தைவிடத் தெளிவானது எது?

அதில் ஒரு கிளினிக் அட்டையின் படம் இருந்தது. மனநலக் கிளினிக். நான்கு வருடமாக மாதத்துக்கு ஒரு தடவை போய் மருந்து எடுக்கிறாள். ஒரு பிரதி எடுத்து, என் கணினியில் அவள் பெயரில் ஒரு கோப்புத் திறந்து வைத்தேன்.

வகுப்பில் நான் சொல்லாமல் விட்டது ஓர் உதாரணம். எங்கோ இருக்கும் ஒருவரின் உதாரணம் எங்கள் சனத்துக்கு ஏறாது. தெரிந்தவராக இருக்க வேண்டும். வியாழக்கிழமை பின்னேரம் அந்த அட்டையை ஊர் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். அடையாள அட்டைப் பிரதியைக் கடையில் மறந்துவிட்டுப் போன ஒருவரின் பெயரில் எடுத்த சிம்மிலிருந்து போட்டேன். "உங்கள் இலக்கமும் 1990 என்றால் அடுத்தது நீங்கள்" என்று கீழே எழுதினேன். ஸும்ராவின் பெயரைக் கறுப்புக் கோட்டால் மறைத்தேன். இதை எழுதிக்கொள்ளுங்கள். பெயரை மறைத்தேன்.

பிறந்த திகதியை மறைக்கவில்லை. வாப்பாவின் பெயரை மறைக்கவில்லை. தொழில் என்ற இடத்தில் முன்பள்ளி ஆசிரியை என்று இருந்தது. குடியிருப்பில் ஒரு முன்பள்ளிதான், ஒரு டீச்சர்தான். இன்னும் மூன்று கோடு போட அரை நிமிடம் போதும். யோசித்துத்தான் விட்டேன். சிரித்ததற்காகச் செய்தேன் என்று நினைப்பீர்கள். இல்லை. பாடம் விளங்க வேண்டும் என்பதற்காக.

அன்றிரவு இஷாத் தொழுகைக்கு முன்பே அது கனமூலைக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை ஃபாஹிமின் உம்மா ஆள் அனுப்பி, நிக்காஹ் இல்லை என்றார். மருந்து எடுப்பதை ஸும்ரா ஃபாஹிமிடம் முதலிலேயே சொல்லியிருந்தாளாம். அவன் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை முன்பள்ளிக்கு இருபத்தாறு பிள்ளைகளில் மூன்று பேர் வந்தார்கள். செவ்வாய்க்கிழமை நிர்வாகம் அவளை இனி வர வேண்டாம் என்றது.

அன்று பின்னேரம் ரம்ஸியா ராத்தா கடைக்கு வந்தாள். கதிரையை இழுத்துப் போட்டேன். இருக்கவில்லை.

"தம்பி, என்ட இலக்கத்த மாத்தித் தாங்க."

அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. நாற்பத்தொரு போனுக்கு இலக்கம் மாற்றினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மறந்துவிடுவோம், நீங்களே எழுதி வையுங்கள் என்றார்கள். ஒரு கொப்பியில் எல்லோருடைய புதிய இலக்கத்தையும் பெயர் போட்டு எழுதினேன்.

மறுநாள் காலை ஸும்ரா வந்தாள். அட்டையைப் போட்டது யாரென்று கண்டுபிடிக்க முறைப்பாடு எழுத வேண்டும், சட்டம் தெரிந்த ஆள் நீங்கள்தானே நானா என்றாள். ஒரு தாள் கொடுத்தேன். முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், கிளினிக் இலக்கம், போனின் புதிய இரகசிய இலக்கம் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தாள். அதைப் படமெடுத்து, கணினியில் அவளுடைய கோப்பில் வைத்தேன்.